வெப் இருக்கும்போது யூக்ளிட், ரூபின், ரோமன் எல்லாம் எதற்கு?

தொடுவானம் கேட்டது:

வானியல் எனக்குத் தொழில் இல்லை, ஆர்வம் மட்டும்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் 2022 ஜூலையில் வர ஆரம்பித்ததிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸிகளையே அது பிடித்துவிட்டது. 6.5 மீட்டர் கண்ணாடி, விண்வெளியில் அதற்குப் போட்டியே கிடையாது. அப்படியிருக்க, 2023இல் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பினார்கள், அதன் கண்ணாடி வெறும் 1.2 மீட்டர். 2025 மார்ச்சில் ஸ்பியர்எக்ஸ் போனது, அது 20 செ.மீ.தான். அடுத்து வரப்போகும் ரோமனும் ஹப்பிள் அளவுதான், 2.4 மீட்டர். இருப்பதிலேயே சிறந்தது மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது சின்னச் சின்னதாக இத்தனை எதற்கு? அந்தப் பணத்தில் இன்னொரு வெப் செய்திருக்கலாமே?

அப்புறம் ரூபின். சிலியில் ஒரு மலை மேல் 8.4 மீட்டர் கண்ணாடியும் 3200 மெகாபிக்சல் கேமராவும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்று மண்டலம் படத்தைக் கலைக்கிறது என்பதால்தானே எல்லாவற்றையும் விண்வெளிக்கு அனுப்புகிறோம்? இதை மட்டும் ஏன் தரையிலேயே விட்டார்கள்?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், கணக்கு வந்தாலும் பரவாயில்லை.

சுழல்கை எழுதியது:

கணக்கு வந்தாலும் பரவாயில்லை என்றீர்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அதைவிட நேரடியான பதில் இல்லை.

வெப்பின் முக்கியக் கேமரா நிர்கேம். ஒரு தடவை திறந்தால் அது பார்க்கும் வானப் பரப்பு முழுநிலாவின் பரப்பில் எழுபதில் ஒரு பங்குதான். வெப் செய்த ஆழமான கணக்கெடுப்புகளில் பரப்பில் மிகப் பெரியது என்றால் காஸ்மாஸ்-வெப்தான். 255 மணி நேரம் ஒதுக்கி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, கடைசியில் கிடைத்தது 0.54 சதுர டிகிரி, அதாவது ஏறத்தாழ மூன்று முழுநிலா அளவு. அந்தத் துண்டு வானத்திலேயே எட்டு லட்சம் கேலக்ஸிகளுக்குப் பக்கமாக இருந்தன, அதனால் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் யூக்ளிட் ஆறு ஆண்டுகளில் அளக்கப்போவது 14,000 சதுர டிகிரி. வெப் அதே வேகத்தில் அதைச் செய்ய வேண்டுமென்றால் எவ்வளவு காலம் ஆகும்? 14,000ஐ 0.54ஆல் வகுத்து 255 மணியால் பெருக்கினால் 66 லட்சம் மணி நேரம். இரவு பகல் பாராமல், வேறு எந்த வேலையும் செய்யாமல் பார்த்தாலும் கிட்டத்தட்ட 750 ஆண்டுகள்.

யூக்ளிட்டோ ஒரே பார்வையில் அரை சதுர டிகிரிக்கு மேல் எடுக்கிறது. காஸ்மாஸ்-வெப் 255 மணியில் போர்த்திய பரப்பை அது சுமார் 70 நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். வெப் அளவுக்கு மங்கலானவற்றை அதனால் பார்க்க முடியாது, உண்மைதான். அந்த வேலைக்காக அதைச் செய்யவில்லை. அதன் வேலை எண்ணிக்கை. சுமார் 150 கோடி கேலக்ஸிகளின் உருவத்தை அளக்க வேண்டும், ஏனென்றால் தூரத்துக் கேலக்ஸியிலிருந்து வரும் ஒளி வழியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் ஈர்ப்பால் லேசாக வளைகிறது, அந்த வளைவால் கேலக்ஸியின் வடிவம் ஒரு சதவீத அளவுக்கு நீண்டு தெரிகிறது. ஒரு தனிக் கேலக்ஸியைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது, அது பிறவியிலேயே நீளமாக இருக்கலாம். லட்சக்கணக்கில் எடுத்துச் சராசரி பார்க்கும்போதுதான் ஒரு திசையில் எல்லாமே சற்றுச் சாய்ந்திருப்பது தெரியும், அங்கே நடுவில் பொருள் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தாலும் ஆயிரம் கேலக்ஸிகளை வைத்து இந்த வேலை நடக்காது.

இரண்டாவது, அரிதானவை. 2025 மார்ச் 19 அன்று யூக்ளிட் முதல் துண்டுத் தரவை வெளியிட்டது. மொத்தத் திட்டத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு, 63 சதுர டிகிரி. அதில் 2 கோடியே 60 லட்சம் கேலக்ஸிகள். அவற்றில் வலுவான ஈர்ப்பு வில்லையாக இருக்கக்கூடியவை, அதாவது முன்னால் உள்ள ஒரு கேலக்ஸி பின்னால் உள்ளதன் ஒளியை வில்லாகவும் வளையமாகவும் வளைத்துக் காட்டுபவை, 500. திட்டம் முடியும்போது ஒரு லட்சம் வரை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் கேலக்ஸிக்கு ஒன்று என்கிற விகிதத்தில் கிடைக்கும் பொருளை எங்கே தேடுவது என்று தெரியாமல் வெப்பை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? அதற்கு முந்தைய மாதம் அறிவித்த ஐன்ஸ்டைன் வளையத்தைப் படித்திருப்பீர்கள். என்ஜிசி 6505 என்கிற கேலக்ஸி, 59 கோடி ஒளியாண்டு தூரம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பட்டியலில் இருப்பது. அதன் மையத்தைச் சுற்றி அழகான முழு வளையம் இருக்கிறது, 442 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள இன்னொரு கேலக்ஸியின் ஒளி. இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. யூக்ளிட் இன்னும் முழுதாகக் குவியப்படுத்தாமல் எடுத்த சோதனைப் படத்தில்தான் முதலில் கண்ணில் பட்டது.

இன்னொரு வெப் செய்திருக்கலாமே என்பதற்கு: வெப்புக்கு வரும் கோரிக்கைகள் இருக்கும் நேரத்தைப் போல ஒன்பது மடங்கு. அதனால் இன்னொன்று இருந்தால் நல்லதுதான், நானே கொண்டாடுவேன். ஆனால் இரண்டு வெப் இருந்தால் 750 ஆண்டு 375 ஆகும், அவ்வளவுதான்.

இரவுக்காவல் எழுதியது:

சுழல்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பரப்பும் ஆழமும் மட்டுமல்ல, நேரமும் இருக்கிறது. பெரும்பாலான வானப் படங்கள் ஒரு கணத்தில் எடுத்தவை, ஆனால் வானம் அசையாமல் நிற்பதில்லை. விண்மீன் வெடிக்கிறது, கருந்துளை பக்கத்தில் வந்த விண்மீனைக் கிழிக்கிறது, குறுங்கோள் நகர்கிறது. இவற்றைப் பிடிக்க ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ரூபின் அதற்காகவே கட்டியது.

செரோ பச்சோன் மலையில் இருக்கும் அதன் கேமரா ஒரு தடவையில் 9.6 சதுர டிகிரியைப் பார்க்கும், முழுநிலாவைப் போல 45 மடங்கு. அரை நிமிடம் படம், அப்புறம் சில வினாடியில் அடுத்த இடம். சில இரவுகளுக்கு ஒரு முறை தெரியும் தென்வானம் முழுவதையும் சுற்றி முடித்து மறுபடி ஆரம்பிக்கும், இப்படி 10 ஆண்டுகள். புதுப்படத்தைப் பழைய படத்திலிருந்து கழித்துப் பார்த்து, மாறியது எதுவாக இருந்தாலும் சில நிமிடங்களில் உலகம் முழுக்க எச்சரிக்கை போகும். முழு வேகத்தில் ஓடும்போது ஓர் இரவுக்கு ஒரு கோடி எச்சரிக்கை வரை போகும் என்பது கணக்கு. 2025 ஜூன் 23 அன்று முதல் படங்களை வெளியிட்டபோதே, பத்து மணி நேரச் சோதனை அவதானிப்பில் 2104 புதுக் குறுங்கோள்கள் கிடைத்திருந்தன, ஏழு பூமிக்கு அருகில் வருபவை. (ஏழும் ஆபத்தில்லாதவை.)

இதை ஏன் தரையில் வைத்தார்கள் என்றால், முதல் காரணம் தரவு. ஓர் இரவுக்கு 20 டெராபைட். வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு நாளைக்கு அனுப்ப முடிவது அதிகபட்சம் 57 ஜிகாபைட், யூக்ளிட் சுமார் 100 ஜிகாபைட். 20 டெராபைட்டை ரேடியோ அலையில் அங்கிருந்து தினமும் இறக்குவதற்கு இன்று வழி இல்லை. மலை மேல் இருந்தால் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக கலிபோர்னியாவுக்கு உடனே போய்விடுகிறது. இரண்டாவது, எடை. அந்தக் கேமரா மட்டுமே மூன்று டன்னுக்குப் பக்கம். மூன்றாவது, பழுது. பத்து வருடம் இரவுதோறும் ஓடும் இயந்திரத்தைத் திறந்து சரிசெய்ய ஆள் போக முடிய வேண்டும். யூக்ளிட்டின் ஒரு கண்ணாடியில் சில நானோமீட்டர் கனத்துக்கு உறைபனி படிந்து, வரும் ஒளி குறைய ஆரம்பித்தபோது 2024 மார்ச்சில் என்ன செய்தார்கள் தெரியுமா? பூமியிலிருந்தே கட்டளை அனுப்பி அந்தக் கண்ணாடியை மட்டும் மைனஸ் 147இலிருந்து மைனஸ் 113 டிகிரி வரை சூடாக்கினார்கள். வேலை செய்தது, அருமையான பொறியியல் அது. ஆனால் எல்லாப் பழுதும் இப்படித் தொலைவிலிருந்து தீராது.

காற்று மண்டலம் கலைக்கிறது என்பது சரிதான். ரூபினின் படம் யூக்ளிட்டின் படம் அளவுக்குக் கூர்மையாக இருக்காது. ஆனால் யூக்ளிட்டின் கூர்மையான கேமரா, 600 மெகாபிக்சல், காண்புறு ஒளியில் ஒரே ஓர் அகலமான பட்டையில்தான் பார்க்கிறது, நிறம் பிரிப்பதில்லை. கேலக்ஸியின் தூரத்தை மதிப்பிட நிறங்கள் தேவை, அதற்கு அது தரைத் தொலைநோக்கிகளின் படங்களைத்தான் நம்பியிருக்கிறது. ரூபின் ஆறு வடிகட்டிகளில் படம் எடுக்கிறது. ஆகவே போட்டி என்று பார்க்கவே கூடாது, ஒன்றில்லாமல் இன்னொன்றின் அறிவியலே பாதிதான்.

இந்தக் கூட்டு வேலைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2024 ஒய்ஆர்4 குறுங்கோள். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் கணக்கெடுப்புத் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. அரை மீட்டர் கண்ணாடிதான் அதற்கு, வானம் முழுக்க மேய்வதே அதன் வேலை. 2032 டிசம்பர் 22இல் பூமியில் மோதும் வாய்ப்பு என்று கணக்கிட்டது ஏறிக்கொண்டே போய் 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை வந்தது, பதிவான வரலாற்றில் அந்த அளவுக் குறுங்கோள் எதற்கும் இவ்வளவு உயர்ந்த எண் வந்ததில்லை. பிறகு கூடுதல் அவதானிப்புகள் வர வர சில நாட்களிலேயே பூஜ்யத்துக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. மார்ச்சில் வெப் அதைப் பார்த்து, அது வெளியிடும் வெப்பத்தை வைத்து அளவு சுமார் 60 மீட்டர் என்று சொன்னது. சாதாரணத் தொலைநோக்கியில் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு மட்டும்தான் தெரியும், இருட்டான பெரிய பாறையா வெளுப்பான சின்னப் பாறையா என்று பிரிக்க முடியாது. இங்கே கண்டுபிடித்தது சின்னது, அளந்தது பெரியது. வெப்பை மட்டும் வைத்திருந்தால் அந்தக் கல் வந்ததே தெரிந்திருக்காது.

தொடுவானம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 750 ஆண்டு என்றதும் விஷயம் விளங்கிவிட்டது. இன்னொன்று. வெப் பார்த்த ஆரம்பகாலக் கேலக்ஸிகள் இருக்கவே கூடாத அளவுக்குப் பெரியவை, பெருவெடிப்புக் கொள்கையே ஆட்டம் கண்டுவிட்டது என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை? அப்புறம் அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்பது என்ன? ஒருவர் கருந்துளை என்கிறார், இன்னொருவர் விண்மீன் என்கிறார்.

நிறமாலை எழுதியது:

இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் வேறு வேறு புதிர்கள்.

முதலில் ஆரம்பகாலக் கேலக்ஸிகள். பெருவெடிப்பு ஆட்டம் காணவில்லை. ஆட்டம் கண்டது, கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாக விண்மீன்களை உருவாக்கும் என்று நாம் வைத்திருந்த கணக்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தலைப்பு வைக்கிறவர்கள் வாசகர்களுக்குப் பெரிய கெடுதல் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பிரபஞ்சம் விரிவதற்கான ஆதாரங்கள், பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணி, ஹைட்ரஜன் ஹீலியம் விகிதம், இவை எதையும் வெப் தொடக்கூட இல்லை. வெப் சொன்னது, முதல் 50 கோடி ஆண்டுகளில் நாம் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான கேலக்ஸிகள் அதிகம் இருக்கின்றன என்பது. அதற்கு விளக்கங்கள் பல இருக்கின்றன. விண்மீன்கள் சீராகப் பிறக்காமல் விட்டு விட்டு வெடிப்பாகப் பிறந்திருக்கலாம், அப்போது பிறந்த நேரத்தில் மட்டும் கேலக்ஸி மிகவும் பிரகாசமாகத் தெரியும். தூசு குறைவாக இருந்திருக்கலாம். வாயு விண்மீனாக மாறும் விகிதம் அந்த அடர்த்தியில் அதிகமாக இருந்திருக்கலாம். நடுவில் கருந்துளை ஒளிர்ந்தால், அந்த ஒளியையும் விண்மீன் ஒளியென்று எடுத்துக்கொண்டு நிறையை அதிகமாகக் கணக்கிட்டிருக்கலாம். இதில் எது எவ்வளவு என்பதுதான் இப்போது நடக்கும் விவாதம்.

படத்தை மட்டும் வைத்துத் தூரம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2022இல் சியர்ஸ்-93316 என்கிற ஒன்று செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலை நீளும் அளவு, அது கூடக்கூடத் தூரமும் அதிகம்) 16 என்று பெரிய செய்தி ஆனது. 2023இல் நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் 4.9. தூசு படிந்த, நினைத்ததைவிட மிகவும் அருகில் உள்ள கேலக்ஸி அது, அதன் வாயுக் கோடுகள் வடிகட்டிகளில் விழுந்த விதம் தூரத்துக் கேலக்ஸி மாதிரியே காட்டிவிட்டது. ஆகவே நிறமாலை இல்லாமல் வரும் சாதனைச் செய்தி எதையும் பட்டியலில் பென்சிலால் மட்டும் எழுதி வையுங்கள். நிறமாலையால் உறுதியானவை இருக்கின்றன. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுக்குள்ளானது, அதில் ஆக்சிஜன் இருப்பதைச் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி 2025இல் கண்டது. ஆக்சிஜன் விண்மீனுக்குள்தான் உருவாகும், எனவே அதற்கு முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து செத்துவிட்டன. எனக்கு இதுதான் தூரச் சாதனையைவிடப் பெரிய செய்தி. 2025 மேயில் அறிவித்த மாம்-இசட்14 இன்னும் முந்தியது, செம்பெயர்ச்சி 14.44, பெருவெடிப்புக்குப் பின் 28 கோடி ஆண்டு. அவ்வளவு தூரத்தில் ஹைட்ரஜன் விழுங்கும் புற ஊதா விளிம்பு, 0.12 மைக்ரானில் இருக்க வேண்டியது, நீண்டு நீண்டு 1.9 மைக்ரானுக்கு வந்துவிடும். அது அகச்சிவப்பு. வெப் ஏன் குளிரில் நிற்கிறது, ஏன் அகச்சிவப்புக்கென்றே செய்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

இப்போது சிவப்புப் புள்ளிகள். வெப் வந்த பிறகுதான் தெரிந்தன. படத்தில் புள்ளியாகவே இருக்கும், கேலக்ஸி மாதிரி பரவி இருக்காது. பெரும்பாலானவை பெருவெடிப்புக்குப் பின் 60 கோடி ஆண்டிலிருந்து 150 கோடி ஆண்டு வரை உள்ள காலத்தைச் சேர்ந்தவை. நிறமாலை எடுத்தால் ஹைட்ரஜன் கோடுகள் அகலமாக இருக்கின்றன, அதாவது வாயு வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, கருந்துளையைச் சுற்றி எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் வளரும் கருந்துளை எக்ஸ் கதிரில் ஒளிர வேண்டும், இவற்றில் பெரும்பாலானவை ஒளிர்வதில்லை. நிறமும் விசித்திரம், புற ஊதாவில் நீலம், அதற்கு மேல் போனால் சிவப்பு, நடுவில் பள்ளம்.

கருந்துளையா விண்மீனா என்று இருவர் சொன்னதற்குக் காரணம் இதுதான்: 2025இல் பேசப்பட்ட விளக்கத்தில் இரண்டும் வருகிறது. வளரும் ஒரு கருந்துளையை அடர்த்தியான ஹைட்ரஜன் வாயு போர்வையாகச் சுற்றிக்கொண்டால், உள்ளிருந்து வரும் ஆற்றல் அந்த வாயுவைச் சூடாக்கி, வெளியே இருந்து பார்க்கும்போது ஒரு பிரம்மாண்டமான விண்மீனின் மேற்பரப்பு போலத் தெரியும். எக்ஸ் கதிர் வெளியே வராது. 'பாறைவிளிம்பு' என்று செல்லப்பெயர் வைத்த ஒரு புள்ளியின் நிறமாலையில் வெளிச்சம் ஓர் இடத்தில் செங்குத்தாக எகிறுவதைக் கண்டார்கள். வயதான விண்மீன்களால் அவ்வளவு செங்குத்தாக எகிறவைக்க முடியாது, அடர்த்தியான வாயுவால் முடியும். ஏபெல் 2744 கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு மூன்று பிம்பமாகப் பிரித்துக் காட்டும் இன்னொரு புள்ளியில் வாயு சுற்றும் வேகத்தை நேரடியாக அளந்து, கருந்துளையின் நிறை சூரியனைப் போல 5 கோடி மடங்கு என்று கண்டார்கள், அதைச் சுற்றிக் கேலக்ஸி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கேலக்ஸி முதலில் வந்து கருந்துளை பின்னால் வளர்ந்தது என்றுதான் நாம் எல்லாரும் படித்தோம். அந்த வரிசையே தலைகீழாக இருக்கலாம் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

முதல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. வெப்பிடம் இருப்பது சில நூறு புள்ளிகள். யூக்ளிட்டின் அந்த 63 சதுர டிகிரியில் மட்டும் இப்படிப்பட்டவையாக இருக்கக்கூடிய மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், எல்லாம் உறுதியாகாது, ஆனால் பிரகாசமானவை அதில் இருக்கும். நமக்கு மிக அருகில் உள்ள சிலவற்றை ஸ்லோன் சர்வே என்ற வானக் கணக்கெடுப்பின் பழைய நிறமாலைகளில் தேடி எடுத்தார்கள். அருகில் இருப்பதை விரிவாக ஆராயலாம். வெப் இல்லாவிட்டால் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது, சர்வே இல்லாவிட்டால் அருகில் உள்ளது கிடைத்திருக்காது.

ஐந்துசிக்மா எழுதியது:

இத்தனை பேசிவிட்டு டெசி கணக்கெடுப்பை விட்டுவிட்டீர்களே. பெரிய கணக்கெடுப்பு எதற்கு என்று கேட்பவருக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன். அரிசோனாவில் கிட் பீக் மலையில் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கி, 1970களிலிருந்து இருப்பது. அதில் 5000 சின்ன ரோபோக்கள், ஒவ்வொன்றும் ஓர் ஒளி இழையைக் குறிப்பிட்ட கேலக்ஸிக்கு நேராகத் திருப்பும், ஒரே நேரத்தில் 5000 நிறமாலை. படம் அழகாக இருக்காது, படமே இல்லை, வெறும் தூரங்களின் பட்டியல். 2025 மார்ச்சில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி கேலக்ஸிகளையும் குவேசார்களையும் (கருந்துளையால் ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) வைத்து, ஆரம்பகாலப் பிரபஞ்சத்தின் ஒலி அலைகள் கேலக்ஸிப் பரவலில் விட்டுச்சென்ற இடைவெளியை (இன்றைய அளவில் சுமார் 50 கோடி ஒளியாண்டு) அளவுகோலாக எடுத்து, பிரபஞ்சம் எந்தக் காலத்தில் எவ்வளவு வேகமாக விரிந்தது என்று அளந்தார்கள். நுண்ணலைப் பின்னணியையும் சூப்பர்நோவாக்களையும் (வெடிக்கும் விண்மீன்கள்) சேர்த்துப் பார்த்தால், விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் மாறாத ஒன்று என்பதைவிட, காலப்போக்கில் வலு குறைந்து வருகிறது என்பதே தரவுக்கு அதிகம் பொருந்துகிறது, எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று காட்டும் எண், பெரிதானால் நம்பகம் அதிகம்).

இது உறுதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். 4.2 என்று வந்தது டார்க் எனர்ஜி சர்வேயின் சூப்பர்நோவாக்களைச் சேர்த்தபோது. அந்தச் சூப்பர்நோவாத் தரவின் அளவுத்திருத்தத்தை மறுபடி செய்து பார்த்ததில் அது 3.2க்கு இறங்கியது. முழுதாக மறையவில்லை, ஆனால் பிரகாசத்தை அளப்பதில் நூறில் சில பங்கு பிழைகூட முடிவை எவ்வளவு நகர்த்தும் என்பது தெரிகிறது. மேலே 'நிறமாலை' என்ற பெயரில் எழுதியவர் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

ஆகவேதான் எனக்கு யூக்ளிட்டின் முதல் பெரிய தரவு வெளியீடு முக்கியம், 2026 அக்டோபர் என்று அறிவித்திருக்கிறார்கள். டெசியிலிருந்து வேறுபட்ட கருவி, விண்வெளியிலிருந்து, வேறு வகைப் பிழைகளோடு அதே கேள்வியைக் கேட்கும். பிறகு ரோமன். ஹப்பிள் அளவுக் கண்ணாடிதான் என்றீர்கள், ஆனால் அகச்சிவப்பில் ஹப்பிளைப் போலக் குறைந்தது 100 மடங்கு பரப்பை ஒரே தடவையில் பார்க்கும், தூரத்துச் சூப்பர்நோவாக்களை ஒரே கருவியில் ஒரே அளவுத்திருத்தத்தில் ஆயிரக்கணக்கில் தரும். இப்போது உள்ள சூப்பர்நோவாத் தொகுப்புகளின் பலவீனமே வேறு வேறு தொலைநோக்கிகளில் எடுத்ததை ஒட்டவைப்பதில்தான் இருக்கிறது. 2027 மே மாதத்துக்குள் ஏவிவிட வேண்டும் என்பது நாசாவின் இலக்கு.

தொடுவானம் எழுதியது:

இருண்ட ஆற்றலின் வலு ஒரு காலத்தில் குறைந்தால் பிரபஞ்சம் திரும்பச் சுருங்குமா?

ஐந்துசிக்மா எழுதியது:

இந்தத் தரவிலிருந்து அதைச் சொல்ல முடியாது. விரிவின் முடுக்கம் குறையலாம் என்பதுதான் குறிப்பு. சுருங்குவது அதற்கு அப்பால் போகும் ஊகம், அளந்த காலத்துக்கு வெளியே கோட்டை நீட்டிப் பார்ப்பது.

இரவுக்காவல் எழுதியது:

இந்தத் திரியைப் படிப்பவர்களில் யாருக்காவது கையை வைத்துப் பார்க்க ஆசை இருந்தால், இவற்றில் பெரும்பகுதி எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. வெப், ஹப்பிள் தரவுகள் மாஸ்ட் என்கிற காப்பகத்தில் இருக்கின்றன. சில அவதானிப்புகள் கேட்டவருக்கு மட்டும் ஓராண்டு வரை ஒதுக்கப்பட்டிருக்கும், அதற்குப் பின் யார் வேண்டுமானாலும் இறக்கலாம். யூக்ளிட்டின் அந்த முதல் வெளியீட்டை ஈசாஸ்கை தளத்தில் உலாவியிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், எதையும் நிறுவ வேண்டாம். ஸ்பியர்எக்ஸ் தரவு எடுத்த 60 நாளுக்குள் பொதுவில் வந்துவிடுகிறது. அது சின்னதாக இருந்தாலும் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் 102 நிறங்களில் பிரித்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறது, வேறு எதுவும் அப்படிச் செய்வதில்லை. விண்மீன்களை அளந்த கையா விண்கலம் 2025 ஜனவரியில் அவதானிப்பை நிறுத்திவிட்டது, ஆனால் அது அளந்த கிட்டத்தட்ட 200 கோடி விண்மீன்களின் இடமும் நகர்வும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அடுத்த பெரிய வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். சூரியனைப் போல 33 மடங்கு நிறையுள்ள கையா பிஎச்3 கருந்துளை, வெறும் 2000 ஒளியாண்டு தூரத்தில், அந்த வெளியீட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அகப்பட்டது, ஒரு விண்மீன் கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றித் தள்ளாடுவதை வைத்து.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ரூபினின் எச்சரிக்கைகளை வகைப்படுத்தி விநியோகிக்கும் ஃபிங்க், லசேர், அலெர்ஸ் போன்ற தளங்களைப் பாருங்கள். எச்சரிக்கைகள் பொது, அவற்றுக்கு அனுமதி தேவையில்லை. முழுப் படங்கள்தான் சில காலம் உறுப்பினர்களுக்கு மட்டும்.

நிரல் தெரியாதவர்களுக்கு கேலக்ஸி ஜூ. 2007இலிருந்து நடக்கிறது. படத்தைப் பார்த்து, சுழல் கேலக்ஸியா, நீள்வட்டமா, இரண்டு மோதுகின்றனவா என்று சொல்ல வேண்டும். யூக்ளிட் முதல் வெளியீட்டில் 3,80,000 கேலக்ஸிகளின் வடிவத்தை வகைப்படுத்தியது ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல், ஆனால் அதற்குப் பாடம் சொன்னவர்கள் கிட்டத்தட்ட பத்தாயிரம் தன்னார்வலர்கள். அந்த 500 ஈர்ப்பு வில்லைகளும் அப்படித்தான், நிரல் முதலில் சலித்துக் கொடுத்ததை மனிதர்கள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், கடைசியில் நிபுணர்கள் தரம் பிரித்தார்கள். இன்னும் 99.5 சதவீத வானம் பாக்கி இருக்கிறது, ஆள் தேவைப்படுகிறது.